லாபியில நின்ன பிணமும் டுவைன் எஸ்பர் ஓட்டின சினிமாவும்

1933-ல அமெரிக்காவுல ‘நார்காட்டிக்’னு ஒரு படம் ஊர் ஊரா ஓடுச்சு. டிக்கெட் வாங்கிட்டு உள்ள போறவங்க சீட்டுல போய் உக்கார்றதுக்கு முன்னாடி லாபியில ஒண்ணைப் பாத்துட்டுத்தான் போகணும். சுருங்கி, காய்ஞ்சு, தோல் இறுகி மரப்பட்டை மாதிரி ஆகிப்போன ஒரு ஆம்பளையோட உடம்பு. மெழுகு பொம்மை இல்லைங்க, நிஜமாவே செத்துப்போன ஒரு மனுஷன். ‘இவன் போதைக்கு அடிமை, மருந்துக்காக கடையைக் கொள்ளையடிச்சான், போலீஸ் சுத்தி வளைச்சதும் தன்னைத்தானே சுட்டுக்கிட்டு செத்தான், இவன் தோலைப் பாருங்க, போதை மருந்து ஒரு உடம்பை என்ன பண்ணும்னு தெரியும்’னு படத்தை ஓட்டிட்டு வந்தவரு சொன்னாரு. அவருதான் டுவைன் எஸ்பர்.

அவரு சொன்ன கதையில ஒரு வார்த்தை கூட உண்மை இல்ல. அந்த உடம்பு எல்மர் மெக்கர்டினு ஒருத்தரோடது. 1880-ல மெய்ன் மாநிலத்துல பொறந்தவரு, பிளம்பர் வேலை பாத்தாரு, சுரங்கத்துல வேலை பாத்தாரு, குடிப்பழக்கத்தால ஒரு வேலையிலயும் நிலைக்க முடியல, கடைசியில கொள்ளைக் கூட்டத்துல போய் சேந்தாரு, அந்த வேலையும் சரியா வரல. 1911 அக்டோபர் 4-ம் தேதி ஓக்லஹோமாவுல ஒசேஜ் பழங்குடி மக்களுக்குச் சேர வேண்டிய பெரிய பணம் வர்ற ரயில்னு நினைச்சு தப்பான ரயிலை நிறுத்திட்டாங்க, கிடைச்சது 46 டாலரும் கொஞ்சம் விஸ்கியும். மூணே நாள்ல ஒரு வைக்கோல் கொட்டகையில வச்சு ஷெரிஃப் ஆளுங்க அவரைச் சுட்டுக் கொன்னாங்க. உடம்பை வாங்கிக்க யாரும் வரல. இறுதிச் சடங்கு பண்றவரு ஆர்சனிக் ஏத்தி கெடாம வச்சு, கையில துப்பாக்கியைக் குடுத்து நிக்க வச்சு, பாக்க வர்றவங்ககிட்ட தலைக்கு 5 சென்ட் வாங்கினாரு. 1916-ல ரெண்டு பேரு ‘நாங்க இவரோட சொந்தக்காரங்க, ஊருக்குக் கொண்டுபோய் அடக்கம் பண்றோம்’னு வந்து வாங்கிட்டுப் போனாங்க. அவங்க கார்னிவல் ஷோ நடத்தறவங்க. அப்புறம் 1922-ல லூயிஸ் சோனிங்கிறவரு கைக்கு வந்து அவரோட ‘குற்ற மியூசியம்’ங்கிற சுத்திவர்ற கண்காட்சியில நின்னுச்சு. எஸ்பரும் சோனியும் தொழில் கூட்டாளிங்க, அதனால படத்துக்காக உடம்பைக் கொஞ்ச நாளைக்கு வாங்கி லாபியில வச்சுக்கிட்டாரு. செத்து 22 வருஷம் ஆன உடம்பு சுருங்கத்தான் செய்யும். அந்தச் சுருக்கத்தைத்தான் எஸ்பர் போதை மருந்தோட வேலைனு காட்டினாரு.

இதை முதல்லயே சொல்லக் காரணம், எஸ்பரோட மொத்தத் தொழிலும் அந்த லாபிக்குள்ளயே இருக்கு. நிஜமான ஒண்ணை எடுக்கணும், அது மேல ஒரு பொய்க் கதையை ஒட்டணும், அதுக்கும் மேல ‘உங்க நல்லதுக்குத்தான் காட்டறோம்’னு ஒரு போர்டு மாட்டணும். அவரு படங்களைப் பத்திப் பேசறவங்க பெரும்பாலும் ‘உலகத்துலயே மோசமான டைரக்டர்’னு சிரிச்சுட்டுப் போயிடுறாங்க. எனக்கு அது போதாதுனு தோணுது. படம் மோசம்தான், மறுக்கல. ஆனா அவரு விக்கற சரக்கு படமே இல்ல, எச்சரிக்கைதான் சரக்கு, அந்த எச்சரிக்கையை வச்சு காசு பண்ற வித்தை என்னனு புரிஞ்சுக்கிட்டா அந்தக் காலத்து அமெரிக்க சினிமாவோட இன்னொரு பாதியே கண்ணுக்குத் தெரியும்.

எஸ்பர் வாஷிங்டன் மாநிலத்துல ஸ்னோஹோமிஷ்னு ஒரு சின்ன ஊர்ல பொறந்தவரு. சினிமாவுக்கு வர்றதுக்கு முன்னாடி கட்டட கான்ட்ராக்டர். 1920-கள்ல கடன் கட்டாம ஏலத்துக்கு வந்த ஒரு சொத்து அவரு கைக்கு வந்துச்சு, அதுல ஃபிலிம் லேப் சாமான் எல்லாம் இருந்துச்சு, கேமரா பக்கம் அவரு வந்தது அப்படித்தான். சினிமா மேல சின்ன வயசுலேர்ந்து ஆசை, கனவு, அந்த மாதிரி எதுவும் இல்ல. கையில மிஷின் இருக்கு, அதுல என்ன சம்பாதிக்கலாம்னு பாத்த ஒரு வியாபாரி. இது அவரு படங்களைப் பாக்கும்போது ஒவ்வொரு ஃபிரேம்லயும் தெரியும்.

இப்ப அந்தக் காலத்து நிலவரத்தைக் கொஞ்சம் பாக்கணும், இல்லைனா இவரு எந்த ஓட்டை வழியா உள்ள வந்தாருன்னே புரியாது. 1915-ல அமெரிக்க உச்ச நீதிமன்றம் சினிமா ஒரு வியாபாரம், அதுக்குப் பேச்சுரிமை பாதுகாப்பு கிடையாதுனு தீர்ப்பு சொல்லிடுச்சு. அதனால பென்சில்வேனியா, ஒஹாயோ, கேன்சஸ், மேரிலாண்ட், நியூயார்க், வர்ஜீனியானு பல மாநிலத்துல அரசாங்க சென்சார் போர்டு இருந்துச்சு, அதுக்கு மேல ஊர் ஊருக்கு போலீஸும் முனிசிபாலிட்டியும் வேற. இந்தத் தொல்லை தாங்காம ஹாலிவுட்டுல இருந்த பெரிய ஸ்டூடியோக்கள் எல்லாம் சேந்து நமக்கு நாமே கட்டுப்பாடு வச்சுக்கலாம்னு 1930-ல ஒரு ப்ரொடக்‌ஷன் கோடு எழுதினாங்க. போதை மருந்துக் கடத்தலைக் காட்டக் கூடாது, பால்வினை நோய் படத்துக்கு உரிய விஷயமே இல்ல, பிரசவத்தைக் காட்டக் கூடாது, வெள்ளைக்காரங்களும் கறுப்பினத்தவங்களும் உறவு வச்சுக்கற மாதிரி காட்டக் கூடாதுனு நீளமான பட்டியல். முதல் நாலு வருஷம் அது காகிதத்துலதான் இருந்துச்சு. 1934 ஜூலையில அதை அமல்படுத்தற பொறுப்புக்கு ஜோசப் பிரீன் வந்து உக்காந்தப்புறம், கோடுக்கு ஒத்துப்போகுதுங்கிற முத்திரை இல்லாத படத்தை ஸ்டூடியோக்கள் சங்கத்துல இருக்கற கம்பெனி ரிலீஸ் பண்ணினா 25,000 டாலர் அபராதம்னு ஆச்சு.

நல்ல தியேட்டர்கள்ல பெரும்பாலானது அந்த ஸ்டூடியோக்கள் கையிலயே இருந்துச்சு, அதனால முத்திரை இல்லாத படத்துக்கு அங்க கதவு சாத்தியாச்சு. ஆனா இந்தப் பட்டியல் எஸ்பர் மாதிரி ஆளுக்கு என்னவா தெரிஞ்சிருக்கும்னு யோசிச்சுப் பாருங்க. எம்ஜிஎம்மோ பாரமவுண்ட்டோ தொடவே மாட்டோம்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்த விஷயங்களோட லிஸ்ட் அது, அதாவது போட்டியே இல்லாத சந்தை எதுன்னு அவங்களே அச்சடிச்சுக் குடுத்துட்டாங்க.

எஸ்பர் எடுத்த மாதிரிப் படங்களுக்கு எக்ஸ்ப்ளாய்டேஷன் படம்னு பேரு வந்ததைப் பலபேரு ‘சுரண்டல்’னு அர்த்தம் பண்ணிக்கறாங்க, ஆரம்பத்துல அது இல்ல. சினிமா தொழில்ல சாதாரண போஸ்டர், பேப்பர் விளம்பரம், டிரெய்லர் இதைத் தாண்டி தெருவுல ஊர்வலம் விடறது, லாபியை ஜோடிக்கறது, ஆம்புலன்ஸைக் கொண்டுவந்து வாசல்ல நிறுத்தறதுனு பண்ற தடபுடலுக்கு எக்ஸ்ப்ளாய்டேஷன்னு பேரு. எல்லாப் படத்துக்கும் அது கொஞ்சம் உண்டு. நட்சத்திரமும் இல்ல, ஸ்டூடியோ பேரும் இல்லங்கிற படங்கள் இந்தத் தடபுடலை மட்டுமே நம்பி ஓடினதால அந்தப் பேரு அதுங்களுக்கே நிலைச்சுப் போச்சு.

எஸ்பர் கதையைச் சொல்றவங்க அவரு மனைவியை ஒரு வரியில கடந்துடறாங்க, அது எனக்கு உறுத்தலா இருக்கும். ஹில்டகார்ட் ஸ்டாடி. ‘நார்காட்டிக்’, ‘மேனியாக்’, ‘மாரிஹுவானா’ மூணுக்கும் கதை வசனம் அவங்கதான். ‘நார்காட்டிக்’ கதை அவங்க குடும்பத்துலேர்ந்தே வந்தது. அவங்க உறவுல மாமா முறை ஆகற ஒருத்தர் ஊர் ஊரா வண்டி கட்டிட்டுப் போய் கூட்டம் சேத்து ‘சர்வரோக நிவாரணி’ விக்கறவரு, மருந்தோட பேரு புலிக் கொழுப்பு. படத்துலயும் டாக்டர் டேவிஸ்னு நல்லா படிச்ச ஒரு டாக்டர் அபின் பழக்கத்துல விழுந்து, தொழிலை விட்டு, சந்தையில நின்னு அதே புலிக் கொழுப்பை வித்து, கடைசியில தற்கொலை பண்ணிக்கறாரு.

இதுல ஒரு விஷயத்தைக் கவனிக்கணும். வண்டி மேல நின்னு மருந்து விக்கறவன் முதல்ல நோயைச் சொல்லிப் பயமுறுத்துவான், நடுவுல ஒரு பாம்பையோ வித்தையையோ காட்டுவான், கூட்டம் உறைஞ்சு நிக்கும்போது பாட்டிலை நீட்டுவான். அவங்க எடுத்த படமும் அப்படியேதான் கட்டப்பட்டிருக்கு. கதை போய்க்கிட்டே இருக்கும், திடீர்னு சம்பந்தமே இல்லாம பாம்பு வரும், எங்கேயோ எடுத்த நிஜமான சிசேரியன் ஆபரேஷன் காட்சி வரும், நாலஞ்சு பேரு ரூமுக்குள்ள உக்காந்து ஆளுக்கொரு போதைப் பொருளை எடுத்துக்கறதை நிதானமா, எப்படி எடுத்துக்கறாங்கனு தெரியற அளவுக்குக் காட்டுவாங்க. சினிமாவா பாத்தா இது எடிட்டிங் தெரியாதவன் வேலை. சந்தை வித்தையா பாத்தா ஒவ்வொண்ணும் இருக்க வேண்டிய இடத்துல இருக்கு. அந்த வித்தை ஹில்டகார்டுக்கு வீட்டுச் சொத்து, எஸ்பருக்கு அது கல்யாணத்துல கிடைச்சதுனுதான் நான் சொல்லுவேன்.

1934-ல வந்த ‘மேனியாக்’தான் இன்னிக்கு அதிகம் பேசப்படற படம். எட்கர் ஆலன் போவோட கறுப்புப் பூனைக் கதையை லேசா தொட்டுக்கிட்டு எடுத்தது. மேக்ஸ்வெல்னு ஒரு பழைய மேடை நடிகன், மத்தவங்க மாதிரி வேஷம் போட்டு நடிக்கறதுதான் அவன் திறமை, செத்தவங்களை எழுப்பப் பாக்கற ஒரு கிறுக்கு டாக்டர்கிட்ட உதவியாளா மாட்டிக்கிறான். டாக்டர் அவன்கிட்ட துப்பாக்கியைக் குடுத்து ‘நீ சுட்டுக்க, நான் உன்னை எழுப்பறேன்’ங்கிறாரு. அவன் டாக்டரைச் சுட்டுட்டு டாக்டர் வேஷத்தைப் போட்டுக்கிட்டு நோயாளிகளைப் பாக்க ஆரம்பிக்கிறான். நடுநடுவுல கதை அப்படியே நின்னுடும், இசையோட ஒரு கார்டு வரும், டிமென்ஷியா ப்ரிகாக்ஸ்னா என்ன, பாரனோயானா என்ன, மேனிக் டிப்ரெசிவ்னா என்னனு மனநோய்களைப் பத்திப் பாடப்புத்தகம் மாதிரி எழுத்து ஓடும். அடுத்த நிமிஷம் பெட்டிகோட்டோட ரூமுல உக்காந்து பேசிட்டு இருக்கற பொண்ணுங்க. மேக்ஸ்வெல்லுக்குப் பைத்தியம் முத்தற இடங்கள்ல வேற படங்கள்லேர்ந்து, ‘ஹாக்சன்’ங்கிற 1922 படத்துலேர்ந்தெல்லாம் பேய்க் காட்சிகளை எடுத்து மேல ஏத்திக் கலந்திருப்பாங்க.

அந்தப் பூனைக் காட்சியை மட்டும் கொஞ்சம் நின்னு சொல்லணும். மேக்ஸ்வெல் பூனையைப் பிடிச்சு, கழுத்தை இறுக்கி, கண்ணைப் பிதுக்கி எடுத்து, விரல் நுனியில வச்சு உருட்டிப் பாத்து, சிப்பி மாதிரி இருக்கு, திராட்சை மாதிரி இருக்குனு சொல்லிட்டு வாயில போட்டு மெல்லுவான். முதல் தடவை பாத்தப்ப நான் நிறுத்திட்டு எழுந்து போயிட்டேன். அப்புறம்தான் தெரிஞ்சுது, அவங்க ஏற்கனவே ஒரு கண்ணு இல்லாத பூனையைத் தேடிப் பிடிச்சு, அதுக்குக் கண்ணாடிக் கண்ணு வச்சு, அதை எடுக்கற மாதிரி படம் எடுத்திருக்காங்கனு. நிம்மதியாத்தான் இருந்துச்சு. ஆனா யோசிச்சா அந்த ஷாட்டுலயும் லாபிப் பிணத்தோட அதே வேலைதான். கண்ணு இல்லாதது நிஜம், அது எப்படிப் போச்சுங்கிற கதை பொய். ரெண்டையும் சேத்து வச்சா பாக்கறவன் வயிறு கலங்கும், போய் நாலு பேருகிட்ட சொல்லுவான், அந்த நாலு பேரும் டிக்கெட் வாங்குவாங்க.

இந்தப் படத்துக்கு கேமரா பிடிச்ச வில்லியம் சி. தாம்சன்தான் 20 வருஷம் கழிச்சு எட் வுட்டோட ‘பிளான் 9 ஃப்ரம் அவுட்டர் ஸ்பேஸ்’ படத்துக்கும் கேமரா பிடிச்சவரு. மோசமான படங்கள்னு உலகம் சிரிக்கற ரெண்டு பேருக்கும் ஒரே கேமராமேன். அவரு வேலையில ஒரு ஒழுங்கு இருக்கும், ‘மேனியாக்’ல சில நிழல் காட்சிகள் நிஜமாவே நல்லா இருக்கும்.

ஆனா அந்தப் பாடப்புத்தகக் கார்டுகள் எனக்குக் கோபம்தான் வரவைக்கும். மனநோய் இருக்கறவங்களைப் பூனைக் கண்ணைத் திங்கறவனாவும், பொண்ணைத் தூக்கிட்டு ஓடற மிருகமாவும் காட்டிட்டு, அதுக்கு நடுவுல டாக்டர் குரல்ல விளக்கம் குடுக்கறது விழிப்புணர்வு ஆகாது. பாக்க வந்தவன் மனசுல பதியறது அந்த மிருகம்தான், கார்டு இல்ல. இருந்தும் கார்டு எதுக்கு? அதுக்கும் தொழில்ல ஒரு பேரு இருந்துச்சு, ஸ்கொயர்-அப். படம் ஆரம்பிக்கும்போதே ‘சமுதாயத்தைச் சீரழிக்கற இந்தக் கொடுமையை மக்கள் தெரிஞ்சுக்கணும், அறியாமைதான் ஆபத்து’னு ஒரு நீண்ட அறிவிப்பு ஓடும். அதிகாரி வந்து கேட்டா ‘பாருங்க சார், இது கல்விப் படம்’னு காட்டறதுக்கு ஒரு கவசம். அதோட பாக்க வந்தவனோட மனசாட்சிக்கும் அது ஒரு சமாதானம், நான் அசிங்கம் பாக்க வரல, விஷயம் தெரிஞ்சுக்க வந்திருக்கேன்னு தனக்குத்தானே சொல்லிக்கலாம். பக்கத்து வீட்டுக்காரன் அதே வரிசையில உக்காந்திருந்தாலும் ரெண்டு பேருக்கும் கூச்சம் இல்ல.

சரி, பெரிய தியேட்டர் இல்ல, பெரிய டிஸ்ட்ரிபியூட்டர் இல்ல, படம் எப்படிப் போச்சு? ரெண்டு வழி. ஒண்ணு ஸ்டேட் ரைட்ஸ், அதாவது ஒவ்வொரு மாநிலத்துக்கும் அல்லது நாலஞ்சு மாநிலத்துக்குச் சேத்து உரிமையை ஒரு உள்ளூர் ஆளுக்கு வித்துடறது, அதுக்கப்புறம் லாப நஷ்டம் அவன் பாடு. இன்னொண்ணு ரோட்ஷோ. காருக்குப் பின்னாடி பிரிண்ட், போஸ்டர், லாபி சாமான் எல்லாத்தையும் போட்டுக்கிட்டு தானே ஊர் ஊரா போறது. பெரிய ஸ்டூடியோவோட சங்கிலியில சேராத, வாடகைக்குத் தவிக்கற தியேட்டரா பாத்து, வாரத்துக்கு இவ்வளவுன்னு மொத்தமா வாடகைக்கு எடுத்துடுவாங்க, நாலு சுவரையும் வாடகைக்கு எடுக்கறதால இதுக்கு ஃபோர்-வாலிங்னு பேரு. வசூல் முழுசும் இவங்களுக்கு. ‘பெரியவங்களுக்கு மட்டும்’னு போர்டு, சில படங்களுக்கு ஆம்பளைங்களுக்குத் தனி ஷோ, பொம்பளைங்களுக்குத் தனி ஷோ. இப்படிச் சுத்தின பழைய ஆளுங்க கூட்டத்தைத் தொழில்ல ‘நாற்பது திருடர்கள்’னே கூப்பிடுவாங்க, அவங்களுக்குள்ள ஏரியா பிரிச்சுக்கறதும் பிரிண்ட்டை மாத்திக்கறதும் ஒருத்தன் படத்தை இன்னொருத்தன் தூக்கிட்டுப் போறதும் சகஜம்.

பிரிண்ட்டுலயே ரெண்டு வகை வச்சிருப்பாங்க, சூடானது ஒண்ணு, ஆறினது ஒண்ணு. சென்சார் கெடுபிடி இருக்கற ஊர்ல ஆறின பிரிண்ட், போலீஸ் கண்டுக்காத ஊர்ல சூடான பிரிண்ட். ஆறினதைப் பாத்துட்டு ‘போஸ்டர்ல போட்டதை எங்கப்பா காணோம்’னு கூட்டம் கொதிச்சா, தனியா ஒரு ரீல் கையில இருக்கும், பிரசவக் காட்சியோ நிர்வாண முகாம் காட்சியோ, அதை ஓட்டி அனுப்பிடுவாங்க. படத்துக்கு ஒரு பேரும் நிலையில்ல. ஒரு ஊர்ல ஒரு தடவை ஓடிட்டா ரெண்டு வருஷம் கழிச்சு வேற பேர்ல அதே படம் அதே ஊருக்கு வரும், ‘மேனியாக்’ பின்னாடி ‘செக்ஸ் மேனியாக்’ ஆன மாதிரி. அதனால ஒரு படம் பத்து வருஷம், பதினைஞ்சு வருஷம்கூட ரோட்டுலயே இருக்கும். ஸ்டூடியோ படம் ஒரு சீசன்ல செத்துடும்.

1936-ல ‘மாரிஹுவானா’, அதாவது கஞ்சா. பர்மாங்கிற பொண்ணு பீச்சுல ஒரு பார்ட்டிக்குப் போறா, கஞ்சா சிகரெட் குடுக்கறாங்க, பொண்ணுங்க ராத்திரியில கடல்ல நிர்வாணமா குளிக்கப் போறாங்க, ஒருத்தி மூழ்கிச் செத்துடறா, பர்மா கர்ப்பமாகறா, அப்புறம் அவளே போதை விக்கறவளா மாறி, அக்கா வளக்கற குழந்தையைக் கடத்தி, அது தன் குழந்தைதான்னு தெரிஞ்சு சாகறா. கதையா கேட்டா நீதிக்கதை. ஆனா கூட்டம் வந்தது அந்தக் கடல் காட்சிக்கு, அது எஸ்பருக்கும் தெரியும் ஹில்டகார்டுக்கும் தெரியும். ஒரு இழுப்புல பைத்தியம், ரெண்டாவது இழுப்புல கொலைங்கிற மாதிரியான கதைகள் ஊர் ஊரா ஓடிட்டு இருந்த அதே காலத்துலதான் ஹாரி ஆன்ஸ்லிங்கர் அமெரிக்க அரசாங்கத்தோட போதைத் தடுப்பு ஆபீஸ் தலைவரா உக்காந்து அதே பாட்டைப் பாடிட்டு இருந்தாரு, 1937-ல மாரிஹுவானா வரிச் சட்டம் வந்துச்சு. எஸ்பர் படத்தால சட்டம் வந்துச்சுனு நான் சொல்லல. ரெண்டுமே ஒரே பயத்தைத் தின்னு வளந்துச்சு.

அதே 1936-ல லூயிஸ் கேஸ்னியர் டைரக்‌ஷன்ல ‘டெல் யுவர் சில்ட்ரன்’னு ஒரு கஞ்சா எச்சரிக்கைப் படம் வந்துச்சு. எஸ்பர் அதை வாங்கி, கிளுகிளுப்பா சில ஷாட்டைச் சொருகி, தன்னோட வழியில ஓட்டினாரு. ‘ரீஃபர் மேட்னஸ்’னு இன்னிக்கு உலகம் முழுக்கத் தெரிஞ்ச படம் அதுதான். காப்பிரைட் அறிவிப்பு சரியா இல்லாததால பொதுச் சொத்தா ஆகிப்போச்சு. 1972-ல கஞ்சா சட்டத்தை மாத்தணும்னு போராடின கீத் ஸ்ட்ரூப், லைப்ரரி ஆஃப் காங்கிரஸ்ல இருந்த அந்தப் படத்தோட ஒரு பிரிண்ட்டை 297 டாலருக்கு வாங்கி காலேஜ் காலேஜா போட்டுக் காட்டி, சிரிச்ச கூட்டத்துக்கிட்ட தன் இயக்கத்துக்கு நிதி திரட்டினாரு. பயமுறுத்த எடுத்த படம் பயத்தைக் கலைக்கற படமா மாறின இந்த மாதிரி சம்பவம் சினிமா சரித்திரத்துல ரொம்ப அபூர்வம்.

நடுவுல சின்னச் சின்னதா நிறைய. 1937-ல ‘கணவர் முன்னாடி எப்படி உடை மாத்தறது’ங்கிற தலைப்புல ஒரு குறும்படம், அதுல நடிச்சது எலைன் பேரி, பெரிய நடிகர் ஜான் பேரிமோரோட மனைவி, அவங்க கல்யாணச் சண்டை அப்ப தினமும் பேப்பர்ல வந்துக்கிட்டு இருந்துச்சு. பேப்பர்காரன் இலவசமா பண்ணிக் குடுத்த விளம்பரத்தை எஸ்பர் அள்ளிக்கிட்டாரு.

நான் மன்னிக்கவே முடியாத ஒண்ணு ‘ஃப்ரீக்ஸ்’ விஷயம். டாட் பிரவுனிங் 1932-ல எம்ஜிஎம்முக்காக எடுத்த படம், சர்க்கஸ்ல வேலை பாத்த நிஜமான மாற்றுத்திறனாளிக் கலைஞர்களே நடிச்சது. ரிலீஸுக்கு முன்னாடி போட்டுக் காட்டினப்ப மக்கள் அலறினாங்க, கம்பெனி அரை மணி நேரத்துக்கிட்ட வெட்டிப் போட்டும் ஓடல, பிரிட்டன்ல 30 வருஷம் தடை. 1940-கள் கடைசியில எஸ்பர் எம்ஜிஎம்கிட்ட இருந்து உரிமையை வாங்கி ‘தடை செய்யப்பட்ட காதல்’, ‘இயற்கையின் பிழைகள்’னு பேரை மாத்தி மாத்தி ஓட்டினாரு. படத்துக்கு முன்னாடி ஒரு நீண்ட அறிவிப்பைச் சேத்தாரு, இப்படிப்பட்ட பிறவிகளை நவீன அறிவியல் வேகமா ஒழிச்சிட்டு வருது, இனிமே இப்படி ஒரு படம் எடுக்கவே முடியாதுங்கிற மாதிரி. அந்தப் படத்துல கையும் காலும் இல்லாத பிரின்ஸ் ராண்டியன் தீப்பெட்டியைத் திறந்து, குச்சியை எடுத்து, உரசி, வாயாலயே சிகரெட்டைப் பத்த வைப்பாரு. அவசரமே இல்லாம, யாரோட இரக்கமும் தேவைப்படாம பண்ணுவாரு. பிரவுனிங் அவரை ஒரு தொழில் தெரிஞ்ச மனுஷனா பாத்தாரு. எஸ்பரோட அறிவிப்பு அவரை ஒரு பிழைனு சொல்லிட்டு அப்புறம் காட்டுது.

ஆனா இங்கதான் எனக்கே ஒரு சங்கடம். கம்பெனிக்காரங்க கைகழுவின அந்தப் படத்தைப் பல வருஷம் திரையில உயிரோட வச்சிருந்தது எஸ்பர்தான். 1962-ல வெனிஸ் திரைப்பட விழாவுல போட்டப்புறம்தான் பெரியவங்க எல்லாம் அதைக் கொண்டாட ஆரம்பிச்சாங்க, அதுக்கு முன்னாடி அது டிரைவ்-இன்லயும் ஓட்டைத் தியேட்டர்லயும் தப்பான பேர்ல ஓடிட்டு இருந்துச்சு. ‘ரீஃபர் மேட்னஸ்’ கதையும் அதே மாதிரி. காசுக்காகப் பண்ணினாரு, சந்தேகமே இல்ல, ஆனா ஸ்டூடியோக்கள் இல்லவே இல்லனு நடிச்ச போதைப் பழக்கமும் கருவும் மனநோயும் அந்தக் காலத்துத் திரையில இருந்துச்சுன்னா அது இந்த ஆளுங்க கார்ல வச்சு சுமந்துட்டுப் போன ரீல்கள்லதான். பொய்யா, அசிங்கமா இருந்துச்சு, ஆனா அங்க மட்டும்தான் இருந்துச்சு.

அடுத்த தலைமுறையில குரோகர் பாப் வந்து 1945-ல ‘மாம் அண்ட் டாட்’னு ஒரு பிரசவப் படத்தை எடுத்து, இதே வித்தையைப் பெரிய கம்பெனி மாதிரி நடத்தி, இடைவேளையில டாக்டர் மாதிரி ஒருத்தரை மேடையேத்திப் புத்தகம் வித்து எஸ்பர் கனவுல கூடப் பாக்காத காசு பாத்தாரு. 1952-ல உச்ச நீதிமன்றம் சினிமாவுக்கும் பேச்சுரிமை உண்டுனு தீர்ப்பு சொன்னப்புறம் சென்சார் போர்டுகள் ஒவ்வொண்ணா தளர ஆரம்பிச்சுது, ஸ்டூடியோக்களே போதை மருந்துக் கதையெல்லாம் எடுக்க ஆரம்பிச்சாங்க, கல்விப் படம்ங்கிற போர்டுக்கு அவசியம் இல்லாம போச்சு. எஸ்பர் அதுக்குள்ள ஒதுங்கிட்டாரு. 1982-ல செத்துப்போனாரு.

எல்மர் மெக்கர்டி மட்டும் சுத்திக்கிட்டே இருந்தாரு. லூயிஸ் சோனி 1949-ல இறந்தப்புறம் லாஸ் ஏஞ்சலஸ்ல ஒரு கிடங்குல கிடந்தாரு, 1960-கள்ல இன்னொரு எக்ஸ்ப்ளாய்டேஷன் படத்துல ஒரு நொடி தலைகாட்டினாரு, 1968-ல சோனியோட மகன் மெழுகு பொம்மைகளோட சேத்து ஹாலிவுட் மெழுகு மியூசியம் நடத்தின ஸ்பூனி சிங்குக்கு வித்தாரு, பஞ்சாப்ல பொறந்தவரு அவரு. பொம்மைனு நினைச்சே கை மாறி மாறி லாங் பீச்ல ஒரு கேளிக்கைப் பூங்காவுக்குப் போச்சு. உடம்பு முழுக்க இருட்டுல மினுங்கற பெயிண்ட் அடிச்சு, கழுத்துல கயிறு மாட்டி, பேய் வீட்டுல தொங்க விட்டிருந்தாங்க. 1976 டிசம்பர்ல ‘சிக்ஸ் மில்லியன் டாலர் மேன்’ சீரியல் ஷூட்டிங்குக்காக அந்த இடத்தை ஒழுங்கு பண்ணும்போது ஒரு ஆள் பொம்மையை நகத்தப் பாத்தாரு, கை கழண்டு வந்துடுச்சு, உள்ள எலும்பு.

லாஸ் ஏஞ்சலஸ் பிரேதப் பரிசோதனை ஆபீஸ்ல வச்சுப் பாத்தாங்க. எடை 23 கிலோதான் இருந்துச்சு. உள்ள ஆர்சனிக், துப்பாக்கிக் குண்டோட பாகம், வாய்க்குள்ள 1924-ம் வருஷத்து ஒரு சென்ட் காசு, லூயிஸ் சோனியோட குற்ற மியூசியம்னு அச்சடிச்ச டிக்கெட் துண்டு. அந்தத் துண்டைப் பிடிச்சுக்கிட்டே போய்தான் ஆள் யாருனு கண்டுபிடிச்சாங்க. எஸ்பருக்கு அப்ப 80 வயசு தாண்டியிருந்துச்சு, அதே கலிஃபோர்னியாவுலதான் இருந்தாரு.

1977 ஏப்ரல் 22-ம் தேதி ஓக்லஹோமாவுல கத்ரி ஊர்ல அடக்கம் பண்ணாங்க, 300 பேருக்கிட்ட வந்திருந்தாங்க. இனிமே யாரும் தோண்டி எடுத்துக் காட்சிக்கு வைக்கக் கூடாதுனு சவப்பெட்டி மேல கான்கிரீட் ஊத்தினாங்க. கல்லுல அவரு பேரு, அதுக்குக் கீழ 1911 அக்டோபர் 7-ம் தேதி ஒசேஜ் மலைப் பகுதியில ஷெரிஃப் ஆளுங்களால சுடப்பட்டார்னு எழுதியிருக்கு.